எக்ஸ்ரே தெளிந்த பிறகும் ஊசி: கோரியோகார்சினோமா குணமான கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

1957-ல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மின் சியு லீ என்ற டாக்டரை வெளியே அனுப்பியது. சீனாவில் மருத்துவம் படித்துவிட்டு 1947-ல் அமெரிக்கா வந்தவர் அவர். கட்டி மறைந்துவிட்டதாகத் தெரிந்த பெண்களுக்கும் நச்சு மருந்தைத் தொடர்ந்து ஏற்றினார் என்பதுதான் அவர்மேல் இருந்த புகார். 1972-ல் அதே சிகிச்சைக்காக அவருக்கும், அவருடைய மேலதிகாரியாக இருந்த ராய் ஹெர்ட்ஸுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில், நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து வரும் புற்றுநோயான கோரியோகார்சினோமா மருத்துவ வரலாற்றில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டது: உடம்பெல்லாம் பரவிய பிறகும் மருந்தால் மட்டுமே குணமான முதல் திடக் கட்டி.

இதை ஒரு மருந்தின் வெற்றியாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது பாதிக் கதையாகப் படுகிறது. லீ கொடுத்த அந்த மெத்தோட்ரெக்ஸேட் 1956-ல் புது மருந்து இல்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் ஏற்கனவே கொடுத்துப் பார்த்தார்கள். சில மாதங்கள் நோயை அடக்கிவிட்டு அது கைவிட்டது. அப்படிப்பட்ட மருந்து இங்கே மட்டும் எப்படிக் குணப்படுத்தியது? கட்டியின் இயல்பு ஒரு காரணம். சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்பதைக் கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவு செய்யாமல், சிறுநீரில் கிடைத்த ஓர் எண்ணை வைத்து முடிவு செய்தது இன்னொரு காரணம். அந்த எண் எப்படிக் காப்பாற்றியது, பிற்பாடு எப்படி ஏமாற்றவும் செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நோய்

கரு கர்ப்பப்பையில் ஒட்டும்போது அதன் வெளிப்புறச் செல்கள் தாயின் திசுவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன, ரத்தக் குழாய்களைத் திறக்கின்றன, நஞ்சுக்கொடியை அமைக்கின்றன. இவற்றுக்கு டிரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். வேகமாகப் பெருகுவது, ஊடுருவுவது, தாயின் நோயெதிர்ப்பிடமிருந்து தப்பிப்பது ஆகியவற்றை வேறு எந்தத் திசு செய்தாலும் புற்றுநோய் என்போம். டிரோஃபோபிளாஸ்டுக்கோ அதுதான் அன்றாட வேலை. ஒரு கட்டத்தில் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். நிற்காமல் போனால் வருவது கோரியோகார்சினோமா.

பல நேரம் இது முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பின்னால் வருகிறது. கரு வளராமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் நீர் கோத்த முத்துக்களாகப் பெருகுவதுதான் முத்துப்பிள்ளை. முழு முத்துப்பிள்ளையில் இருக்கும் குரோமோசோம்கள் அத்தனையும் தந்தையிடமிருந்து வந்தவை என்று 1977-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கஜியும் ஒஹாமாவும் காட்டினார்கள். தாயின் மரபுப் பொருள் இல்லாத முட்டைக்குள் விந்தணு நுழைந்து தன்னையே இரட்டித்துக்கொள்கிறது. பகுதி முத்துப்பிள்ளையில் பொதுவாக ஒரு முட்டையும் இரண்டு விந்தணுக்களும் சேர்ந்து மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருக்கும். முழு முத்துப்பிள்ளை வந்தவர்களில் 15 முதல் 20 சதவீதம் பேருக்குப் பிற்பாடு கீமோ தேவைப்படுகிறது. பகுதி வகையில் இது மிகக் குறைவு.

முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டும்தான் வரும் என்றும் நினைக்கக் கூடாது. கோரியோகார்சினோமாவில் ஏறக்குறைய பாதிதான் அப்படி. மீதி, கருச்சிதைவுக்குப் பிறகோ, ஆரோக்கியமான குழந்தை பிறந்த சாதாரணப் பிரசவத்துக்குப் பிறகோ வருவது. மேலைநாட்டுக் கணக்கில் சுமார் 50,000 கர்ப்பங்களுக்கு ஒன்று. ஒரு மகப்பேறு மருத்துவர் தன் வாழ்நாள் முழுக்க ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம்.

1950-களுக்கு முன் கர்ப்பப்பையோடு நின்றுவிட்ட கட்டிக்கு அறுவைசிகிச்சை உதவியது. நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்விட்டால் பெரும்பாலான பெண்கள் ஓராண்டுக்குள் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதினர், பலர் கைக்குழந்தை வைத்திருந்தவர்கள்.

மருந்து வந்த வழி

இந்த இடத்தில் கதை கொஞ்ச நேரம் நம்ம ஊர்ப் பக்கம் வருகிறது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய் வந்தார். ஜவுளி ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகையை ஆராய்வது அவர் வேலை. குன்னூரில் ஆய்வு செய்தார். 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருக்கிறதே, அதுதான். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் இந்த ரத்தசோகை சரியாகிறது என்று அவர் கண்டுபிடித்தார். அதில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்று பிறகு தெரிந்தது. இன்று நம் கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கொடுக்கும் மாத்திரையின் ஆரம்பம் அது.

ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் தயாரித்தது நியூயார்க் மாநிலத்தின் லெடர்லே நிறுவனம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஒரு பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார் என்று சொல்வார்கள். அவருடைய குழுவின் வேதியியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருட்களையும் செய்தார்கள். அமினோப்டெரின் அவற்றில் ஒன்று, மெத்தோட்ரெக்ஸேட் இன்னொன்று. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்து, 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948-ல் எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார்.

மெத்தோட்ரெக்ஸேட் செய்யும் வேலை எளிது. செல் இரண்டாகப் பிரியும்முன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும், அதற்கு ஃபோலேட், அதாவது ஃபோலிக் அமிலம், தேவை. உடம்பு ஃபோலேட்டைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவரும் நொதியை மெத்தோட்ரெக்ஸேட் பிடித்துக்கொள்கிறது. வேகமாகப் பிரியும் செல்தான் முதலில் அடிபடும். கட்டி மட்டுமா? எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடலின் உட்புறம் எல்லாமே அடிவாங்கும்.

தேசியப் புற்றுநோய் நிறுவனம் இருக்கும் பெதஸ்டாவில் ராய் ஹெர்ட்ஸ் நாளமில்லாச் சுரப்பிகளை ஆராய்பவர். ஃபோலேட் இல்லாவிட்டால் ஈஸ்ட்ரோஜென் கொடுத்தாலும் பெண் இனப்பெருக்க உறுப்புகள் வளராது என்பதை 1940-களிலேயே விலங்குகளில் காட்டியிருந்தார். அமினோப்டெரின் கருவைக் கலைக்கும் என்று ஜான் தீர்ஷ் 1952-ல் எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஃபோலேட்டுக்கு அதிகம் ஏங்கும் திசு கருவும் நஞ்சுக்கொடியும்தான் என்று புரியும்.

லீ வேறொரு வாசல் வழியாக அதே இடத்துக்கு வந்தார். நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் இருந்தபோது தோல் புற்றுநோயான மெலனோமா நோயாளி ஒருவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். மெலனோமா அசையவில்லை, ஆனால் சிறுநீரில் இருந்த கோனடோட்ரோபின் ஹார்மோன் அளவு இறங்கியது. மற்றவர்கள் கடந்துபோயிருக்கக்கூடிய குறிப்பு இது. ஹார்மோனைக் குறைக்கிறது என்றால், அந்த ஹார்மோனைக் குடம் குடமாகச் சுரக்கும் கோரியோகார்சினோமாவை என்ன செய்யும் என்று லீ யோசித்தார். 1955-ல் ஹெர்ட்ஸின் பிரிவில் சேர்ந்தார்.

பெதஸ்டா, 1956

1956 ஆகஸ்டில் ஓர் இளம் பெண் அங்கே சிகிச்சைக்கு வந்தார். கோரியோகார்சினோமா நுரையீரலுக்குப் பரவி, மார்புக்கூட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டி பரவிய இடமெல்லாம் ரத்தக் குழாயைத் திறக்கும். தான் பிறந்த திசுவின் புத்தியை அது விடவில்லை. அந்த நிலையில் இருந்தவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் கொடுக்கப்பட்டது. அன்றைய வழக்கப்படி இது கடைசி முயற்சி, பிழைப்பார் என்று யாரும் எதிர்பார்த்துச் செய்ததல்ல.

ரத்தக் கசிவு நின்றது. அடுத்தடுத்த சுற்றுகளில் எக்ஸ்ரேயில் இருந்த நிழல்கள் சுருங்கின, பிறகு மறைந்தன. லீ, ஹெர்ட்ஸ், ஸ்பென்சர் மூவரும் 1956-லேயே சிறு கட்டுரையாக வெளியிட்டார்கள். 1958-ல் பெரிய கட்டுரை வந்தது.

இதுவரை நடந்ததில் சண்டைக்கு இடமில்லை. சண்டை அடுத்த கட்டத்தில் வந்தது. எக்ஸ்ரே தெளிந்த பிறகும் சிறுநீரில், நஞ்சுக்கொடி சுரக்கும் கோனடோட்ரோபினான ஹெச்.சி.ஜி. ஹார்மோன் தென்பட்டது. கர்ப்பமும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் கட்டியும் இல்லை. அப்படியானால் அதைச் சுரப்பது யார்? கட்டியின் மிச்சம் எங்கோ இருக்கிறது என்றார் லீ. அளவு பூஜ்யம் ஆகும்வரை மருந்தைத் தொடர்ந்தார்.

அவரை எதிர்த்தவர்களை வில்லன்களாக்கும் ஆசை எனக்கு இல்லை. அவர்கள் இடத்தில் நின்று பாருங்கள். நோயாளி எழுந்து நடக்கிறார், படம் சுத்தமாக இருக்கிறது. கொடுக்கும் மருந்தோ வாயெல்லாம் புண்ணாக்கி, வெள்ளணுக்களை வீழ்த்தி, உயிரையே எடுக்கக்கூடியது. அதைத் தொடரச் சொல்லும் சாட்சி என்ன? அந்தக் காலத்தில் ஹெச்.சி.ஜி.யை அளக்க நோயாளியின் சிறுநீர்ச் சாறை வளர்ச்சியடையாத பெண் எலிக்குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டு, கர்ப்பப்பை எவ்வளவு எடை கூடியது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். அளவு குறையக் குறைய அந்தச் சோதனைக்கு ஹெச்.சி.ஜி. எது, பிட்யூட்டரி சுரக்கும் எல்.ஹெச். எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. எலியின் கர்ப்பப்பை எடையை நம்பி மனுஷிக்கு விஷம் ஏற்றுவதா என்று கேட்டவர்களிடம் நியாயம் இருந்தது.

ஆனால் பிறகு வந்த விவரம் லீயின் பக்கம் சாய்ந்தது. ஹார்மோன் மறையும் முன் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. மறையும்வரை தொடர்ந்தவர்களுக்குத் திரும்புவது அரிதாக இருந்தது. அதற்குள் லீ வேலையை இழந்திருந்தார். ஸ்லோன்-கெட்டரிங்குக்குத் திரும்பி, விரைப்பைப் புற்றுநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1960-ல் வெளியிட்டார். 1976-ல் பெருங்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய கீமோ பற்றியும் எழுதினார். 1980-ல் காலமானார். இன்னும் பேசப்பட வேண்டிய ஆள்.

லீ நிரூபிக்கும் முன் நம்பியதை, எலிகளில் கணக்காகக் காட்டியவர் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருந்த ஹோவர்ட் ஸ்கிப்பர். கீமோவின் ஒவ்வொரு சுற்றும் இருக்கும் செல்களில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத்தான் கொல்கிறது என்றார் அவர். நூறில் 99 போனால் ஒன்று மிஞ்சும், அடுத்த சுற்றில் அந்த மிச்சத்தில் 99 சதவீதம் போகும். இதை எண்ணில் வைத்துப் பாருங்கள். படத்தில் பளிச்சென்று தெரியும் ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். அது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது, ஆனால் 10 லட்சம் செல்கள் மிச்சம். ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. லிட்டருக்கு ஒரு சர்வதேச அலகு இருந்தால், அதற்குப் பின்னால் சுமார் 10 ஆயிரம் முதல் 1 லட்சம் கட்டிச் செல்கள் இருக்கும் என்பது பிற்காலத்து மதிப்பீடு. ஆக, எண் சாதாரண நிலைக்கு வந்த நாளில்கூடக் கட்டி முழுசாக ஒழிந்துவிடவில்லை.

இதனால்தான் இன்றைய நடைமுறையில் ஹெச்.சி.ஜி. இறங்கிய பிறகும் சில சுற்றுகள் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். எத்தனை சுற்று என்பதற்கு இயல்பாகவே ஓர் ஒப்பீடு அமைந்தது. நெதர்லாந்தில் இரண்டு சுற்று கூடுதலாகக் கொடுத்தார்கள், பிரிட்டனில் மூன்று. இரு நாட்டு விவரங்களையும் 2012-ல் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு சுற்று பெற்றவர்களில் 8.3 சதவீதத்தினருக்கும், மூன்று பெற்றவர்களில் 4 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியிருந்தது. எண்ணே பூஜ்யமான பிறகு கொடுக்கும் ஓர் ஊசிச் சுற்று, நோய் திரும்புவதைப் பாதியாக்குகிறது. லீயை வெளியே அனுப்பியவர்கள் பூஜ்யம்வரை போனதையே பொறுக்கவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு நடந்தது

ஹெர்ட்ஸின் குழு 1961-ல் ஐந்தாண்டு அனுபவத்தை வெளியிட்டபோது, பரவிய நோய் வந்த 63 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முழுமையாகத் தெளிந்திருந்தார்கள். ஆக்டினோமைசின்-டி என்ற இரண்டாவது மருந்து சேர்ந்தபின், 1965-ல் வந்த கட்டுரையில் அது சுமார் முக்கால் பங்கு ஆனது.

அளக்கும் முறையில் பெரிய மாற்றம் 1972-ல் வந்தது. ஹெச்.சி.ஜி.யில் இரண்டு துண்டுகள் உண்டு. ஆல்ஃபா துண்டு எல்.ஹெச்.சுக்கும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனுக்கும் பொதுவானது. (அதனால்தான் முத்துப்பிள்ளையில் ஹெச்.சி.ஜி. லட்சக்கணக்கில் ஏறும்போது சிலருக்குத் தைராய்டு கிளர்ந்து, படபடப்பும் கைநடுக்கமும் வருகிறது.) பீட்டா துண்டுதான் ஹெச்.சி.ஜி.க்கே உரியது. ஜூடித் வைடுகைடிஸ், கிளென் பிரான்ஸ்டீன், கிரிஃப் ராஸ் மூவரும் பீட்டா துண்டை மட்டும் பிடிக்கும் சோதனையை உருவாக்கினார்கள். இப்போது லேப் ரிப்போர்ட்டில் ‘பீட்டா ஹெச்.சி.ஜி.’ என்று வருவது அந்த வழியில் வந்ததுதான். எலிக்கு வேலை போனது, கட்டியின் கடைசி மிச்சத்தைத் தேடும் கண் கூர்மையானது.

லண்டனில் கென்னத் பேக்‌ஷா செய்தது வேறு மாதிரி வேலை. எனக்கு அது மருந்துக்குச் சமமான சாதனையாகத் தெரிகிறது. இவ்வளவு அரிய நோயை ஊருக்கு ஒரு டாக்டர் பார்த்தால் யாருக்கும் அனுபவம் சேராது. 1973 முதல் பிரிட்டனில் முத்துப்பிள்ளை வந்த பெண்களைப் பதிவு செய்கிறார்கள். லண்டன் சேரிங் கிராஸ், ஷெஃபீல்ட், டண்டீ ஆகிய மூன்று மையங்கள்தான் கண்காணிக்கின்றன. பெண் தன் ஊரிலேயே இருக்கலாம். சிறுநீர் அல்லது ரத்த மாதிரி தபாலில் மையத்துக்குப் போகும், எண் ஏறினால் அழைப்பு வரும். சிகிச்சை எங்கே ஆரம்பிக்க வேண்டும், எப்போது மருந்தை மாற்ற வேண்டும் என்பதை ஆயிரக்கணக்கான வரைபடங்களைப் பார்த்த கண்கள் முடிவு செய்கின்றன.

பேக்‌ஷா 1976-ல் வகுத்த மதிப்பெண் முறையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் பயன்படும், சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் ஃபிகோ மதிப்பெண். வயது, முந்தைய கர்ப்பம் எப்படிப்பட்டது, அதற்குப் பிறகு எத்தனை மாதம் ஆனது, ஹெச்.சி.ஜி. எவ்வளவு, கட்டியின் அளவு, எங்கே பரவியது, எத்தனை இடம், முன்பு எடுத்த கீமோ பலிக்காமல் போனதா என்று எட்டு விஷயங்களைக் கூட்டுகிறார்கள். 6 வரை வந்தால் ஆபத்து குறைவு, ஒரே மருந்து போதும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்து மருந்துகளைச் சேர்த்த ‘எம்மா-கோ’ முறை. குறைந்த ஆபத்துப் பிரிவில் கிட்டத்தட்ட எல்லாருமே பிழைக்கிறார்கள். அதிக ஆபத்துப் பிரிவிலும் அனுபவமுள்ள மையங்களில் 90 சதவீதத்துக்கு மேல். மிக மோசமான நிலையில் வருபவர்களுக்கு முழு அளவில் ஆரம்பித்தால் கட்டி சட்டென்று அழிந்து ரத்தம் கொட்டிவிடும் என்பதால், முதல் ஓரிரு வாரம் இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து மெதுவாகத் தொடங்குகிறார்கள். சேரிங் கிராஸ் கற்றுக்கொடுத்தது இது.

பொதுவாகக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் முறையில் 1, 3, 5, 7-ஆம் நாட்களில் 50 மில்லிகிராம் தசையில் ஊசி, மறுநாட்களில் ஃபோலினிக் அமில மாத்திரை. மருந்து பிடித்துக்கொண்ட நொதியைத் தாண்டிப்போய், நல்ல செல்களுக்கு ஃபோலேட் கொடுக்கும் மாற்று இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வார்கள். பெரும்பாலோருக்கு முடிகூடக் கொட்டாது.

அமெரிக்காவில் மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வுகளும் நடந்தன. மகளிர் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு 2011-ல் வெளியிட்ட ஒன்றில், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் பெற்றவர்களில் 53 சதவீதமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்டினோமைசின்-டி பெற்றவர்களில் 70 சதவீதமும் முழுமையாகத் தெளிந்தார்கள். சரி, ஆக்டினோமைசின் ஜெயித்தது என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அந்த வாராந்திர மெத்தோட்ரெக்ஸேட் முறை பலவீனமானது என்று பலர் சுட்டிக்காட்டினார்கள். அதனால் பல நாள் தொடர்ந்து கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை வைத்து அடுத்த ஆய்வு தொடங்கியது. 384 பெண்கள் தேவை என்று திட்டமிட்டார்கள். சேர்ந்தவர்கள் 57 பேர். ஆய்வை மூட வேண்டியதாயிற்று. அரிய புற்றுநோய்களில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பல நேரம் விடை கிடைக்காமல் போவது இப்படித்தான். விஞ்ஞானம் தெரியாமல் இல்லை, ஆள் சேரவில்லை. ஒரே கதவு வழியாக எல்லாரும் வரும் பிரிட்டிஷ் ஏற்பாட்டின் அருமை இந்த 57-ஐப் பார்க்கும்போது புரிகிறது.

எண் பொய் சொல்லும்போது

இந்த நோய்க்கு ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான புற்றுநோய்களில் திசுவை எடுத்துப் பரிசோதிக்காமல் கீமோ தொடங்க மாட்டார்கள். இங்கே பயாப்ஸி எடுத்தால் ரத்தம் நிற்காமல் போகும் அபாயம் இருப்பதால், ஹெச்.சி.ஜி. போகும் திசையை வைத்தே சிகிச்சை தொடங்கலாம். முத்துப்பிள்ளையைச் சுத்தம் செய்த பிறகு மூன்று வாரங்களில் எடுத்த நான்கு அளவுகள் அப்படியே நின்றாலோ, இரண்டு வாரங்களில் எடுத்த மூன்று அளவுகள் தொடர்ந்து ஏறினாலோ போதும். வசதிதான். ஆனால் ஓர் எண்ணின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றினால், அந்த எண் தப்பாக இருக்கும் நாளில் என்ன ஆகும்?

லாரன்ஸ் கோல் என்ற ஆய்வாளர், அந்த எண்ணை நம்பி ஏமாந்த டாக்டர்களின் கதையை, ராட்மென்ஷ் என்பவருடன் சேர்ந்து 2000-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். 12 பெண்களின் ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. இருப்பதாக லேப் சொன்னது. பெரும்பாலோருக்குக் கீமோவோ அறுவைசிகிச்சையோ நடந்துவிட்டது. உண்மையில் ஒருவருக்கும் அந்த நோய் இல்லை. சோதனைக் கிட்டில் விலங்குகளிடமிருந்து எடுத்த ஆன்டிபாடிகள் இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அந்த ஆன்டிபாடிகளோடு ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் இயல்பாகவே உண்டு. இரண்டும் ஒட்டினால் நடுவில் ஹார்மோன் இல்லாமலேயே மெஷின் ஓர் எண்ணைக் காட்டும்.

கண்டுபிடிக்கும் வழி வெட்கப்படும் அளவுக்கு எளிது. இந்த ஆன்டிபாடிகள் அளவில் பெரியவை, சிறுநீருக்குள் வராது. அதனால் சிறுநீரிலும் ஒரு சோதனை எடுத்தால் போதும். ரத்தத்தில் இருந்து சிறுநீரில் இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். வேறு கம்பெனியின் கிட்டில் திரும்பப் பார்க்கலாம், மாதிரியை நீர்த்துப்போகச் செய்து எண் அதே விகிதத்தில் இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். நேர் எதிரான கோளாறும் உண்டு. ஹெச்.சி.ஜி. பல லட்சங்களில் இருக்கும்போது சோதனை திணறிப்போய்க் குறைவாகக் காட்டும். அதற்கும் நீர்த்துப்போகச் செய்வதுதான் பரிகாரம்.

நஞ்சுக்கொடி ஒட்டிய இடத்தில் வரும் இன்னொரு வகைக் கட்டியில் இந்த எண்ணுக்கு மதிப்பே குறைவு. கட்டி பெரிதாக இருக்கும், ஹெச்.சி.ஜி. கொஞ்சமாகத்தான் சுரக்கும். கீமோவுக்கும் சுலபமாக மசியாது. கர்ப்பப்பையோடு நின்றிருந்தால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் முதல் சிகிச்சை. ஹெச்.சி.ஜி. குறைவாக இருக்கிறது, பயமில்லை என்று இங்கே சொன்னால் தப்பாகிவிடும்.

கட்டி யாருடையது என்ற சந்தேகம் வந்தால் மரபணுப் பரிசோதனை உதவுகிறது. கர்ப்பத்தில் பிறந்த கட்டியில் தந்தையின் மரபணு இருக்கும். சினைப்பையிலோ நுரையீரலிலோ தானாகத் தோன்றி ஹெச்.சி.ஜி. சுரக்கும் கட்டியில் அந்தப் பெண்ணின் மரபணு மட்டும்தான் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியலாம். ஆனால் சிகிச்சையும் பிழைக்கும் வாய்ப்பும் வேறு.

தவறிப்போகும் இடம்

முத்துப்பிள்ளை என்று தெரிந்தவர்களுக்குக் கண்காணிப்பு இருக்கிறது. வாராவாரம் ஹெச்.சி.ஜி., சாதாரண நிலைக்கு வந்த பிறகும் சில மாதம் பரிசோதனை, அதுவரை கருத்தடை. புதிதாகக் கர்ப்பம் வந்தால் எண் ஏறும். அது குழந்தையா நோயா என்று சொல்ல முடியாது. கருத்தடை கேட்பதற்கு இதுதான் காரணம். இதை விளக்கிச் சொல்லாமல் ‘ஆறு மாசம் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் வீட்டில் மாமியாரிடம் அந்தப் பெண் என்ன பதில் சொல்வார்? அடுத்த முறையும் முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு சுமார் 100-ல் ஒன்றுதான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். சிலருக்கு மட்டும் திரும்பத் திரும்ப வரும். அவர்களில் பலரிடம் என்.எல்.ஆர்.பி.7 என்ற மரபணுவில் கோளாறு இருப்பது 2006-ல் தெரியவந்தது.

ஆபத்து அதிகம் இருப்பது யாரும் எதிர்பார்க்காத பெண்களிடம். பிரசவமாகிச் சில மாதம் கழித்து இருமலில் ரத்தம் வருகிறது, எக்ஸ்ரேயில் உருண்டை நிழல்கள். நம் நாட்டில் முதலில் டி.பி. என்றுதான் யோசிப்பார்கள். அல்லது 28 வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று மூளையில் ரத்தக் கசிவு. நியூரோ வார்டில் கர்ப்பப் பரிசோதனை செய்ய யாருக்கும் தோன்றாது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்குக் காரணம் புரியாத கட்டியோ ரத்தக் கசிவோ இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட் ஒன்று போதும் வழி காட்ட. பயாப்ஸிக்கு எழுதும் முன் செய்ய வேண்டியது அது. முந்தைய கர்ப்பத்துக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் கடந்து கண்டுபிடிக்கப்பட்டால் மதிப்பெண்ணில் அந்த ஒரு விஷயத்துக்கே 4 சேர்ந்துவிடும். குறைந்த ஆபத்துக்கும் அதிக ஆபத்துக்கும் நடுவே பாதித் தூரம் அது.

கீமோவுக்குக் கட்டுப்படாத சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது வந்திருப்பது நோயெதிர்ப்பு சிகிச்சை. தாயின் நோயெதிர்ப்பிடமிருந்து தப்பிக்க டிரோஃபோபிளாஸ்ட் பி.டி.-எல்1 என்ற புரதத்தை மேலே போர்த்திக்கொள்கிறது. கட்டியான பிறகும் அதை விடுவதில்லை. அந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து பலிக்க வேண்டும் என்பது ஊகம். 2017-ல் சேரிங் கிராஸ் குழு, வேறு எதற்கும் மசியாத நான்கு பெண்களுக்கு அவ்வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் கொடுத்து மூவர் தெளிந்ததாக எழுதியது. 2020-ல் பிரான்சின் லியோன் குழு, ஒற்றை மருந்து பலிக்காத 15 பெண்களுக்கு அதே வகையைச் சேர்ந்த அவெலுமாப் கொடுத்தது. 8 பேருக்கு ஹெச்.சி.ஜி. சாதாரண நிலைக்கு வந்தது, அதற்குப் பிறகும் மூன்று சுற்று கொடுத்தே நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் கர்ப்பமாகி ஆரோக்கியமான குழந்தை பெற்றார். மருந்து பலிக்காதவர்களைத் திரும்பக் கீமோவுக்கும் சிலரை அறுவைசிகிச்சைக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. கீமோவோடு சேர்த்தே ஆரம்பத்திலிருந்து கொடுத்தால் என்ன என்று மெத்தோட்ரெக்ஸேட்டையும் அவெலுமாப்பையும் இணைத்து அதே குழு அடுத்த ஆய்வை நடத்தியது.